கதவைத் தாழிடாத இரவு: அயர்லாந்தில் ஹாலோவீன் வாரம்

அக்டோபர் 27, ஞாயிறு. டப்ளின்

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அயர்லாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். நான் வந்து இறங்கிய நாளும் அதுவாகவே அமைந்துவிட்டது. மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. மணி ஐந்தரைதான். நேற்றுவரை இந்த ஊருக்கு ஆறு மணி வரை வெளிச்சம் இருந்ததாம். ஒரே நாளில் சாயங்காலத்தை யாரோ எடுத்துப் போய்விட்ட மாதிரி இருக்கிறது என்று தோழி சொன்னாள். இங்கே வந்து எட்டு வருடமாகியும் அவளுக்கு இது பழகவில்லை.

ஹாலோவீனைத் தேடி அயர்லாந்து போகிறேன் என்று ஊரில் சொன்னபோது, "அது அமெரிக்காக்காரன் பண்டிகை இல்லையா?" என்று எல்லோரும் கேட்டார்கள். பூசணிக்காயைச் செதுக்கும் படங்களைப் பார்த்து அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் அது அமெரிக்காவுக்குக் கப்பலில் போனது. 1845இல் தொடங்கி 1852 வரை நீண்ட உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் இந்தத் தீவில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமான பேர் கப்பலேறினார்கள். கையில் காசில்லாமல் போனவர்கள் வேறென்ன கொண்டுபோக முடியும்? பாட்டையும் கதையையும் இந்த ஓர் இரவையும்தான் கொண்டுபோனார்கள்.

தோழியின் மகளுக்கு ஒன்பது வயது. ஹாலோவீனை ஒட்டி இங்கே பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை என்பதால் பயணம் முழுக்க எங்களோடு வருகிறாள். ஐரிஷ் மொழிப் பாடநூலைக் கொண்டுவந்து காட்டி, "பெரியம்மா, இதைப் படிங்க பார்ப்போம்" என்றாள். நான் எழுத்தைப் பார்த்து 'சம்ஹைன்' என்றேன். அவள் தலையை ஆட்டி, "சவின்" என்று திருத்தினாள். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே அதுதான் பெயர். ஹாலோவீன் இரவை 'ஈஹ ஹௌனா', அதாவது சவின் இரவு என்கிறார்கள்.

பழைய ஐரிஷ் ஆண்டில் நான்கு மூலைகள் இருந்தன. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் முதல் நாட்கள் அவை. மே முதல் தேதி மாடுகள் மேட்டு நிலத்துப் புல்வெளிக்குப் போகும். நவம்பர் முதல் தேதிக்குள் கீழே வந்துவிட வேண்டும். வந்ததும் எல்லா மாட்டையும் குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாது என்பதால் சிலவற்றை வெட்டுவார்கள். கூலியாட்களின் கணக்கு முடிவதும், நிலத்துக்குக் குத்தகை கட்டுவதும் அந்த நாளில்தான். வெளிச்சத்தின் பாதி முடிந்து இருட்டின் பாதி தொடங்குகிறது. இவர்களுடைய நாள் சூரியன் மறையும்போது பிறக்கும், அதனால்தான் நவம்பர் 1இன் பண்டிகை அக்டோபர் 31 இரவிலேயே வந்துவிடுகிறது.

ராத்திரி பார்ம்பிராக் வெட்டினோம். உலர்திராட்சை போட்ட, லேசாக இனிக்கும் ரொட்டி அது. பெயருக்கு 'புள்ளி போட்ட ரொட்டி' என்று அர்த்தம். முன்பெல்லாம் இதற்குள் மோதிரம், காசு, கந்தல் துணி, பட்டாணி, குச்சி ஆகியவற்றை ஒளித்துவைத்துச் சுடுவார்களாம். மோதிரம் வந்தால் கல்யாணம். காசு வந்தால் பணம், கந்தல் வந்தால் வறுமை. பட்டாணி வந்தால் இந்த வருடம் கல்யாணம் இல்லை. குச்சி வந்தால் கல்யாணமாகி அடி வாங்குவாய் என்று பொருள். கடை ரொட்டியில் இன்று மோதிரம் மட்டும்தான் வருகிறது. மெழுகுத்தாளில் சுற்றிய தகர மோதிரம். சின்னவள் துண்டில்தான் வந்தது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதைக் கழுவிக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள்.

அக்டோபர் 28, திங்கள். டப்ளின்

அரசு விடுமுறை. காலையிலிருந்து மழை. எங்கேயும் போகவில்லை.

போகாததும் நல்லதாயிற்று. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து குழந்தைகளின் நோட்டுகளைப் படித்தேன். 1935இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. அது 1937 முதல் 1939 வரை ஒரு காரியம் செய்தது. நாடெங்கும் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில், பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளிடம், "வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னார்கள். சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். புதையல் கதை, கை வைத்தியம், பண்டிகை, பேய், கிணறு, வானிலை என எல்லாம் அதில் இருக்கின்றன. இன்று அந்தப் பக்கங்களை அப்படியே படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். மைத் தொட்டு எழுதிய சாய்வெழுத்து. சில இடத்தில் மை சிந்தியிருக்கிறது. கீழே யார் சொன்னார்கள், அவர்களுக்கு என்ன வயது என்ற குறிப்பும் இருக்கிறது.

சவின் இரவைப் பற்றி அவர்கள் எழுதியதில் பேயைவிட விளையாட்டுதான் அதிகம். கூரையிலிருந்து கயிற்றில் ஆப்பிளைத் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிப்பது. அடுப்பில் இரண்டு கொட்டைகளை வைத்து, ஒன்றுக்குத் தன் பெயரும் இன்னொன்றுக்கு மனதிலுள்ளவர் பெயரும் வைப்பது. இரண்டும் சேர்ந்து எரிந்தால் நல்லது, ஒன்று தெறித்து ஓடினால் அந்த உறவும் ஓடிவிடும். கண்ணைக் கட்டி மூன்று தட்டுகளின் முன்னால் நிறுத்துவதும் உண்டு. தண்ணீர் வைத்த தட்டைத் தொட்டால் கடல் கடந்து போவாய், மோதிரம் வைத்ததைத் தொட்டால் கல்யாணம். மண் வைத்த தட்டைத் தொட்டால் அடுத்த சவினுக்கு நீ இருக்க மாட்டாய். சிரிப்பும் கும்மாளமுமாக நடக்கும் விளையாட்டில் அந்த மண் தட்டையும் சேர்த்து வைத்தார்களே, அதைத்தான் நான் மறுபடி மறுபடி யோசித்துக்கொண்டிருந்தேன். பஞ்சத்தைப் பார்த்த ஊர். தண்ணீர்த் தட்டும் மண் தட்டும் அவர்களுக்கு வெறும் விளையாட்டாக இருந்திருக்காது.

அக்டோபர் 29, செவ்வாய். டர்லோ, மேயோ

டப்ளினிலிருந்து மேற்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். காசில்பார் ஊருக்குப் பக்கத்தில் டர்லோ என்ற இடத்தில் தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்க்கைப் பிரிவு இருக்கிறது. கூடை, மீன்பிடிப் படகு, வைக்கோல் நாற்காலி என்று பார்க்க எவ்வளவோ இருந்தும் நான் வந்தது ஒரே ஒரு பொருளுக்காக.

அது ஒரு டர்னிப் விளக்கு. நம்ம ஊர் நூக்கோலைவிடப் பெரிதாக, ஊதா படிந்த தோலோடு இருக்கும் கிழங்கு டர்னிப். பூசணி அமெரிக்கக் காய். இங்கே அதற்கு முன்னால் டர்னிப்பைத்தான் குடைந்து உள்ளே மெழுகுத்திரி வைத்தார்கள். டோனகல் பகுதியில் ஃபின்டவுன் என்ற ஊரிலிருந்து 1943இல் அருங்காட்சியகத்துக்கு ஒன்று வந்தது. அந்த ஊரில் அதற்கு வெகுகாலம் முன்பே இப்படிச் செய்வதை விட்டுவிட்டார்களாம். 1900 வாக்கில் செய்தது நினைவிருக்கிறது என்று கொடுத்தவர் எழுதியிருக்கிறார். கிழங்கு எத்தனை நாள் தாங்கும்? அது சுருங்கிப் போகுமுன் அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்த்துவைத்தார்கள். அந்த வார்ப்பைத்தான் இப்போது காட்டுகிறார்கள்.

சின்னவள் பார்த்ததும் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். பூசணியின் சிரித்த முகம் இதில் இல்லை. சுருங்கிய கிழவன் முகம். ஒடுங்கிய கண், இளித்த வாயில் நெருக்கமாகப் பற்கள். கிழங்கின் சன்னமான வேர்கள்கூட முடிபோல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோல் சுருங்கச் சுருங்க முகமும் முதுமையடைந்திருக்க வேண்டும். செதுக்கியவர் நினைத்ததைவிட, காய்ந்துபோன கிழங்கு அதைப் பயங்கரமாக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்த விளக்குக்கு ஜாக்கின் கதையைச் சொல்வார்கள். கஞ்சன் ஜாக் குடித்துவிட்டுக் காசு கொடுக்க சாத்தானையே காசாக மாறச் சொன்னான். காசானதும் சிலுவையோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டான். இன்னொரு முறை ஆப்பிள் மரத்தில் ஏற்றிவிட்டு, அடிமரத்தில் சிலுவை கீறினான். இறங்க முடியாத சாத்தான், உன் உயிரை எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தது. ஜாக் செத்தபோது சொர்க்கத்தில் இடமில்லை. சத்தியத்தால் நரகத்திலும் இடமில்லை. வழி தெரியாமல் நின்றவனுக்குச் சாத்தான் நரகத்திலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து வீசியது. அதை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறான்.

கேட்டபோது எனக்கு நம்முடைய கொள்ளிவாய்ப் பிசாசுதான் கண்ணில் நின்றது. அயர்லாந்தின் நடுப்பகுதியில் சதுப்பு நிலம் நிறைய. அழுகிய செடிகொடியிலிருந்து எழும் வாயு சில இரவுகளில் மினுங்கும் என்று சொல்வார்கள். நீர்த்தேக்கமும் சேறும் உள்ள நம் கிராமங்களிலும் அதே வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வாயில் கொள்ளியோடு ஒருவன் திரிவதாகச் சொன்னார்கள். இரண்டு ஊருக்கும் தொடர்பேதும் இல்லை. இருட்டில் நகரும் ஒரு வெளிச்சத்தைக் கண்டதும் அதற்குப் பின்னால் வீடு திரும்ப முடியாத ஓர் ஆளை இருவருமே நினைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 30, புதன். ராத்க்ரோகன், ராஸ்காமன்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். கையில் இன்னும் சேறு போகவில்லை.

ராத்க்ரோகன் என்பது பழைய கானக்ட் அரசின் தலைமை இடம். கதைகளில் இதன் பெயர் க்ரூவஹன். ராணி மேவும் அவள் கணவன் அலிலும் ஆண்ட இடம். பெயரைக் கேட்டுக் கோட்டை கொத்தளம் இருக்கும் என்று வந்தால் பசும்புல்லும் மாடும்தான். ஆனால் சுமார் ஆறரை சதுர கிலோமீட்டருக்குள் 240க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள் இருக்கின்றன. பெரிய மேடு ஒன்று நடுவில் இருக்கிறது. ஏறி நின்றால் எல்லாத் திசையும் தெரிகிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது.

டல்ஸ்க் கிராமத்துப் பார்வையாளர் மையத்திலிருந்து வந்த வழிகாட்டி அந்த மேட்டின் மேல் நிறுத்தி ஒரு கதை சொன்னார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையான 'நெராவின் பயணம்' அது. எனக்கு இந்த வாரத்தின் உயிரே இந்தக் கதைதான், அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சவின் இரவு. அரண்மனையில் கொப்பரையில் சாப்பாடு கொதிக்கிறது. முந்தின நாள் தூக்கில் போட்ட இருவர் வெளியே தொங்குகிறார்கள். "போய் அந்தப் பிணத்தின் காலில் ஒரு பிரம்பு வளையம் மாட்டிவிட்டு வருகிறவனுக்குப் பொற்பிடி வாள்" என்கிறான் அலில். ஒவ்வொருவராகப் போகிறார்கள், கதவைத் தாண்டி இருட்டைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். நெரா போகிறான். மூன்று முறை வளையத்தை மாட்டுகிறான், மூன்று முறையும் கழன்று விழுகிறது. அப்போது பிணம் பேசுகிறது: ஒழுங்காக ஓர் ஆணி போட்டு மாட்டு, இல்லையென்றால் விடியும்வரை நிற்காது. மாட்டி முடித்ததும், "நான் தூக்கில் ஏறும்போது எனக்குத் தாகமாக இருந்தது. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு போ, தண்ணீர் குடிக்க வேண்டும்" என்கிறது.

தூக்கிக்கொண்டு போகிறான். முதல் வீட்டைச் சுற்றிலும் நெருப்பு. பிணம் சொல்கிறது, இங்கே நமக்கு வேலையில்லை, இவர்கள் அடுப்பைச் சாம்பல் போட்டு மூடாமல் படுப்பதில்லை. இரண்டாவது வீட்டைச் சுற்றி ஏரி. இங்கேயும் இல்லை, இவர்கள் கழுவிய அழுக்குத் தண்ணீரைக் கொட்டாமல் படுப்பதில்லை. மூன்றாவது வீட்டில் தொட்டியும் இருக்கிறது, தரையில் கழனிவாளியும் இருக்கிறது. பிணம் ஒவ்வொன்றிலும் குடிக்கிறது. கடைசி வாய்த் தண்ணீரை உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் துப்புகிறது. அவர்கள் செத்துப்போகிறார்கள்.

பிணத்தைத் திரும்பத் தொங்கவிட்டு நெரா வந்து பார்த்தால் அரண்மனை எரிகிறது, தலைகள் குவிந்து கிடக்கின்றன. எரித்த படை ஒரு குகைக்குள் போகிறது. இவனும் பின்னாலேயே போகிறான். உள்ளே வேறொரு ராஜ்ஜியம். அங்கே விறகு சுமக்கிறான், ஒருத்தியோடு வாழ்கிறான், அவள் கருவுறுகிறாள். அவள்தான் உண்மையைச் சொல்கிறாள்: நீ பார்த்தது நடந்தது அல்ல, எச்சரிக்காவிட்டால் அடுத்த சவினில் நடக்கப்போவது. போய்ச் சொல். அவர்கள் இன்னும் அதே கொப்பரையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள், சாப்பாடுகூட இறக்கியிருக்க மாட்டார்கள். யார் நம்புவார்கள் என்று இவன் கேட்க, கோடைப் பூக்களைக் கொண்டுபோ என்கிறாள். காட்டுப்பூண்டும் மஞ்சள் பூவும் பொன்னிறப் பெரணியும் கையில் ஏந்தி, குளிர்கால வாசலுக்கு வந்து நிற்கிறான் நெரா.

சின்னவள் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள். "அவங்க ஊரிலேயே அவருக்குத் தண்ணி கொடுத்திருந்தா?" வழிகாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, இத்தனை வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார்.

அந்தக் குகை நிஜமாகவே இருக்கிறது. ஓவினகாட், பூனைகளின் குகை. பண்ணைப் பாதை ஒன்றின் ஓரம், முள்மரத்தின் வேருக்குக் கீழே, ஒரு ஆள் படுத்து நுழையும் அளவுக்குக் கல்லிடுக்கு. இடைக்காலத் துறவிகள் இதை 'அயர்லாந்தின் நரக வாசல்' என்று எழுதிவைத்தார்கள். மூன்று தலை மிருகமும், மூச்சுப் பட்டால் செடிகளைக் கருக்கும் பறவைகளும், போர்த் தெய்வமான மோரிகனும் இதிலிருந்துதான் வெளிவந்ததாகக் கதைகள். தோழியும் மகளும் மேலே நின்றார்கள். நான் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, கால் முதலில், உட்கார்ந்தவாறே சறுக்கி இறங்கினேன்.

நுழைந்ததும் தலைக்கு மேலே உத்தரக்கல். அதன் விளிம்பில் ஒகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து. எழுத்தென்றால் வெறும் வெட்டுக்கோடுகள்தான். 'மேவின் மகன் ஃப்ரேக்கினுடையது' என்று படித்திருக்கிறார்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகளில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரிகிறது. நேராக அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. முதல் பகுதி மனிதர் கட்டிய கல் சுரங்கம். அதைத் தாண்டினால் சுண்ணாம்புப் பாறை தானே பிளந்த ஒடுங்கிய, உயரமான வெடிப்பு. சேறு முழங்காலைப் பிடித்து இழுக்கிறது. எல்லோரும் உள்ளே வந்ததும் வழிகாட்டி விளக்குகளை அணைக்கச் சொன்னார்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்ற இருட்டு. எங்கோ ஒரு சொட்டு. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு சொட்டு. எனக்குப் பயம் வரவில்லை. ஈர மண்ணின் வாடையும், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரின் மூச்சுச் சத்தமும், மேலே கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பும்தான் இருந்தன. எத்தனை நிமிடம் நின்றோம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நேரம் நிற்கும் இடம் என்று அந்தக் கதையை எழுதியவர் இந்தக் குகைக்குள் ஒரு முறையாவது நின்றிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

அக்டோபர் 31, வியாழன். டாரா, அத்பாய்

நேற்று இரவே மீத் பகுதிக்கு வந்து அத்பாய் ஊரில் ஒரு விருந்தினர் இல்லத்தில் தங்கினோம். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். விடிவதற்குள் எங்களை எழுப்பி டீ கொடுத்து, பழைய ஐரிஷ் அரசர்களின் இடமான டாரா குன்றுக்கு அனுப்பினார்.

டாராவில் பணயக் கைதிகளின் மேடு என்றொரு கல்லறை இருக்கிறது. 5,000 ஆண்டுக்கு முந்தியது. அதன் குட்டைச் சுரங்கப் பாதை சவின் காலத்துச் சூரிய உதயத்தை நோக்கி அமைந்திருக்கிறது. நவம்பர் தொடக்கத்து நாட்களில் காலை வெயில் உள்ளே போகும். இன்றைக்கு மேகம். கம்பிக் கதவுக்கு முன்னால் முப்பது பேர் போல நின்றோம். ஒருவர் தோல் மேளத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். வெயில் வராமலே விடிந்தது.

இங்கே நடக்கும் கதை அய்லன் என்பவனுடையது. சவின்தோறும் மறு உலகத்திலிருந்து வருவான். அவன் வாசிக்கும் இசையைக் கேட்டவர்கள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அப்புறம் வாயிலிருந்து நெருப்பை ஊதி டாராவைக் கொளுத்திவிட்டுப் போவான். இருபத்துமூன்று வருடம் இப்படி நடந்தது. ஃபின் என்ற இளைஞன் தூக்கம் வரும்போதெல்லாம் ஈட்டியின் முனையை நெற்றியில் அழுத்திக்கொண்டு விழித்திருந்து அவனைக் கொன்றான். வருடாவருடம் எரியும் என்று தெரிந்தும் வருடாவருடம் கட்டினார்களே, அதைத்தான் நான் இந்தக் கதையில் பெரிதாக நினைக்கிறேன்.

டாராவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், அத்பாய்க்குப் பக்கத்தில் ட்லாக்ட்கா குன்று. வரைபடத்தில் 'ஹில் ஆஃப் வார்ட்' என்று போட்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் என்ற பாதிரியார் அயர்லாந்தின் வரலாற்றை ஐரிஷ் மொழியில் எழுதினார். சவினுக்கு முந்திய இரவு இந்தக் குன்றில் பெருந்தீ மூட்டுவார்கள் என்றும், நாட்டிலுள்ள மற்ற அடுப்புகளையெல்லாம் அணைத்துவிட்டு இந்தத் தீயிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும் என்றும் அதில் சொல்கிறார். அவர் எழுதியது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து. அதனால் வரிக்கு வரி நம்ப வேண்டியதில்லை. ஆனால் 2014 முதல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியலாளர்கள் இங்கே தோண்டிப் பார்த்தபோது, வளையம் வளையமாக இருக்கும் இந்தக் கரைகள் ஒரே காலத்தவை அல்ல என்று தெரிந்தது. திரும்பத் திரும்ப ஜனங்கள் இங்கேயே வந்து கட்டியிருக்கிறார்கள். குன்றின் பெயர் ஒரு பெண்ணுடையது. மூக் ரூத் என்ற மந்திரவாதியின் மகள் ட்லாக்ட்கா, மூன்று பிள்ளைகளைப் பெற்று இங்கேயே செத்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. தீப்பந்தம் ஏந்தி ஊர் ஜனங்கள் குன்றுப் பக்கம் நடந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், எலும்புக்கூடு வேஷத்தில் பள்ளிப் பிள்ளைகள், முகத்தில் கரி பூசிய பெரியவர்கள். வேஷம் போடுவது பேய்கள் நம்மையும் தங்களில் ஒருவராக நினைக்கட்டும் என்றுதான் என்று கூட நடந்த ஒருவர் விளக்கினார். எல்லோரும் சொல்லும் விளக்கம் அதுதான். என் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. வேஷம் போட்டவர்கள் எந்த வீட்டுக் கதவையும் தட்டினார்கள், யாரும் யாரென்று கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது கால்கேனன் தயாராக இருந்தது. மசித்த உருளைக்கிழங்கில் கீரை கலந்து, நடுவில் குழித்து வெண்ணெய் விட்டது. சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். கொட்டுவதற்கு முன் இருட்டைப் பார்த்து, "ஷாஹன்!" என்று ஒரு குரல் கொடுத்தார். 'விலகிக்கோ' என்று அர்த்தம். இந்த இரவில் நடமாடுகிறவர்கள் மேல் அழுக்குத் தண்ணீர் படக்கூடாது என்று அவர் பாட்டி பழக்கியதாம். சின்னவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நெராவின் கதையில் வந்த அதே கழனித் தண்ணீர்.

நவம்பர் 1, வெள்ளி. அத்பாய்

காலையில் வேலியோரம் பிளாக்பெர்ரி கொஞ்சம் மிச்சம் இருந்தது. பறிக்கப் போனவளை வீட்டுக்காரம்மா தடுத்துவிட்டார். நேற்று ராத்திரி பூக்கா அதன்மேல் துப்பிவிட்டுப் போயிருக்குமாம். பூக்கா என்பது குதிரையாகவும் ஆடாகவும் உருமாறும் ஒரு பூதம். சவினுக்குப் பிறகு காட்டுப்பழம் தின்னக்கூடாது. பனி விழத் தொடங்கினால் பழம் பூஞ்சை பிடித்துவிடும், அதற்காகச் சொல்லியிருக்கலாம்.

இன்று அனைத்துப் புனிதர் நாள். இந்த நாளுக்கு முந்திய இரவு என்பதற்கான ஆங்கிலச் சொல் தேய்ந்துதான் ஹாலோவீன் ஆனது. சவினை அழிக்கத்தான் திருச்சபை இந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அது அவ்வளவு சுலபமான கணக்கில்லை. 800ஆம் ஆண்டு வாக்கில் அயர்லாந்தில் புனிதர் நாளை ஏப்ரல் 20இல் கொண்டாடியதற்குப் பழைய ஐரிஷ் நாட்காட்டிப் பாடலே சாட்சி. 835இல் போப் நான்காம் கிரகோரி காலத்தில்தான் நவம்பர் 1 பரவலாக உறுதியானது. அதேபோல், சவின் என்பது மரண தேவனின் பெயர் என்பதும் தவறு. 18ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் வாலன்ஸி என்ற ராணுவப் பொறியாளர் கிளப்பிவிட்ட தவறு அது. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'கோடையின் முடிவு' என்றுதான் பழைய ஐரிஷ் நூல்கள் அந்தச் சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்கின்றன. இத்தனை கதை இருக்கும் பண்டிகைக்கு இல்லாத தெய்வத்தை எதற்குக் கொண்டுவர வேண்டும்?

நவம்பர் 2, சனி. அத்பாய்

இன்று இறந்தோர் நாள். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ தொடங்கிவைத்த வழக்கம்.

நவம்பர் மாதம் முழுக்க இங்கே இறந்தவர்களுக்கு. தேவாலயத்தில் உறை கொடுப்பார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி அதில் போட்டுக் கொடுத்தால் பலிபீடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். வீட்டுக்காரம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து எழுதினார். அம்மா, அப்பா, இரண்டு அண்ணன்கள், கணவர், பிறந்து ஒரு நாள் இருந்த மகள். பேனா நிற்கவேயில்லை. மனப்பாடமான பெயர்கள்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த இரவில் அடுப்புக்கு முன்னால் சாம்பலைப் பெருக்கிச் சமமாக்கி வைப்பார்களாம். நாற்காலிகளை நெருப்பைப் பார்த்துப் போட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கதவைத் தாழிடாமல் படுக்கப் போவார்கள். காலையில் சாம்பலில் காலடி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வெளியே பார்த்த காலடி என்றால் அந்த வீட்டில் அந்த வருடம் ஒருவர் போவார் என்று பயம். அவர் அம்மா மட்டும் அதற்குப் பயப்பட்டதே இல்லையாம். வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதானே என்பாராம்.

"இப்பவும் செய்வீங்களா?" என்று தோழி கேட்டாள்.

"சாம்பல் கிடையாது. நாற்காலி போடுவேன்" என்றார். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகள் அடுப்பில் எரிந்து அடங்கிக்கொண்டிருந்தன. அந்தப் புகைக்கு ஒரு இனிய வாசனை. அவர் எழுந்து இரண்டு நாற்காலிகளை நெருப்பின் பக்கம் திருப்பினார். தாழ்ப்பாளை விலக்கிவிட்டு, கதவைச் சாத்தி மட்டும் வைத்தார்.

தண்ணீர் நான் எடுத்துவருகிறேன் என்று சின்னவள் அடுக்களைக்குப் போனாள். இருப்பதிலேயே பெரிய கிண்ணமாகத் தேடி எடுத்து, விளிம்புவரை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தாள். கட்டைவிரலில் அந்தத் தகர மோதிரம் இன்னும் இருந்தது. வழியெல்லாம் சிந்தியது.

"பாதி போதுமே, கண்ணு" என்றாள் அவள் அம்மா.

"பத்தாதும்மா, ரொம்ப தூரம் நடந்து வருவாங்க" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் சிந்தியதை நிரப்ப மறுபடியும் அடுக்களைக்குப் போனாள்.